4294967297: கல்குலேட்டர் இல்லாமல் கையால் உடைப்பது எப்படி?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட கணித மன்றச் சுவர்ப்பத்திரிகையின் அடுத்த இதழில் ஒரே ஒரு எண்ணை எடுத்து, முழுத்தாளையும் அதற்கே கொடுக்கிறோம். எண் 4294967297, அதாவது 2³² + 1.

3, 5, 17, 257, 65537 என்று போகிற ஃபெர்மா எண்களில் அடுத்தது இது (ஒன்றிலிருந்து 1ஐக் கழித்து, வர்க்கித்து, 1ஐக் கூட்டினால் அடுத்தது வரும்). முதல் ஐந்தும் முதன்மை எண்கள். வரிசை முழுவதுமே முதன்மைதான் என்ற நம்பிக்கையை ஃபெர்மா 1640இல் கடிதத்தில் எழுதினார். 1732இல் ஒயிலர், 2³² + 1 ஆனது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்குது. தாளுக்கு முன்னால் நிற்கிற தரம் 10, 11 பிள்ளை பேனையை எடுத்துத் தானே செய்து பார்க்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, வகுத்துக் காட்டுவது. மன்றத்தில் இருக்கிறது 8 இலக்கக் கல்குலேட்டர். 10 இலக்கம் அதில் ஏறாது.

இரண்டாவது, 641 எங்கிருந்து வந்தது? 2, 3, 5, 7 என்று முதன்மை எண்களை ஒவ்வொன்றாகப் போட்டால் 116ஆவதாகத்தான் 641 வருது. ஒயிலர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, மன்றத்தில் ஒருவர் பைதனில் ஃபெர்மா சோதனை போட்டார். எண்ணை ந என்று வைத்தால், 2இன் (ந − 1)ஆம் அடுக்கை ந ஆல் வகுக்க மீதி 1 வந்தது. மீதி 1 என்றால் முதன்மை என்று அவர் சொல்கிறார். வகுபடுகிற எண்ணுக்கு எப்படி 1 வரும்?

கடைசியாக, 4294967297 = 641 × 6700417 என்றால் அந்த 6700417 முதன்மையா? வர்க்கமூலம் 2588 வரை போகுது. அவ்வளவு முதன்மை எண்களையும் கையால் வகுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா?

கல்முனை_கணக்கு

வகுத்தலை நான் எடுக்கிறேன். எண்ணை ஐந்து ஐந்து இலக்கமாக நடுவில் வெட்டுங்க: 42949 | 67297.

இடப்பக்கம்: 42949ஐ 641ஆல் வகுக்க ஈவு 67, மீதி 2. (641 × 67 = 42947.)

அந்த மீதி 2ஐ வலப்பக்கத் துண்டுக்கு முன்னால் எழுதுங்க: 267297. இதை 641ஆல் வகுக்க 417, மீதி 0. சரிபார்க்க: 641 × 400 = 256400, 641 × 17 = 10897, கூட்ட 267297.

இரண்டு ஈவையும் சேர்த்தால் விடை. பிள்ளைகள் சறுக்குகிற இடம் இதுதான். 67ஐயும் 417ஐயும் அப்படியே ஒட்டி 67417 என்று எழுதிவிடுவார்கள். வலப்பக்கத் துண்டு ஐந்து இலக்கம், ஆகவே அதன் ஈவுக்கும் ஐந்து இடம் கொடுக்க வேண்டும்: 67 | 00417. விடை 6700417. தாளில் இந்த இரண்டு பூச்சியத்தையும் வேறு நிறத்தில் போடுங்க.

மடக்கை அட்டவணையால் செய்யலாமே என்று யாராவது கேட்பார்கள். நான்கு தானத்தில் மட 4294967297 = 9.6330, மட 641 = 2.8069. கழிக்க 6.8261, முரண்மடக்கை 6.700 × 10⁶. முன்னால் நான்கு இலக்கம் சரி, பின்னால் இருக்கிற 417 தெரியவே தெரியாது. மீதியின்றி வகுபடுமா இல்லையா என்பது கடைசி இலக்கம் வரை பார்க்கிற கேள்வி. அதற்கு மடக்கை உதவாது.

இன்னொன்று. 10 இலக்க எண்ணைச் சுவரில் எழுதும்போது இலக்கம் இடம் மாறுவது சாதாரணம். எழுதி முடித்தபின் ஒன்பதால் சரிபார்ப்பதை எல்லாரும் செய்வார்கள்: இலக்கக் கூட்டுத்தொகை 59, அதிலிருந்து 14, அதிலிருந்து 5. 641க்கு 2, 6700417க்கு 7, பெருக்க 14, அதுவும் 5. பொருந்துது. ஆனால் 67ஐ 76 என்று மாற்றி 4294976297 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை அதே 59தான். ஒன்பது அதைப் பிடிக்காது, பதினொன்று பிடிக்கும். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்க: 7 − 9 + 2 − 7 + 6 − 9 + 4 − 9 + 2 − 4 = −17. 22ஐக் கூட்ட 5. 641க்கு 1 − 4 + 6 = 3. 6700417க்கு 7 − 1 + 4 − 0 + 0 − 7 + 6 = 9. 3 × 9 = 27, பதினொன்றால் வகுக்க மீதி 5. பொருந்துது. இடம் மாறிய எண்ணுக்கு 7 வரும், உடனே தெரிந்துவிடும்.

படுவான்கரை_சேர்

தங்கச்சி, நல்ல எண் எடுத்திருக்கிறீங்க. 641 எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் இந்தத் தாளின் உயிர். ஒயிலர் குருட்டுத்தனமாக வகுத்துக்கொண்டு போகவில்லை. எந்த எண்கள் காரணியாக வரவே முடியாது என்று முதலில் கண்டார். தாளில் அதற்குத்தான் பெரிய இடம் கொடுக்க வேண்டும்.

ப என்பது 2³² + 1இன் ஏதாவதொரு முதன்மைக் காரணி என்று வைப்போம். அப்போது 2³²ஐ ப ஆல் வகுக்க மீதி −1 (அதாவது ப − 1). அதை வர்க்கித்தால் 2⁶⁴இன் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும்போது மீதி முதன்முதலாக 1 ஆகிற அடுக்கு எது? அந்த அடுக்கு 64ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். ஆகவே 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றில் ஒன்று. 64 தவிர்ந்த எல்லாமே 32ஐயும் வகுக்கும். அவற்றில் ஒன்றாக இருந்தால் 2³²இன் மீதியும் 1 ஆகியிருக்கும். நாங்கள் கண்டது −1. 1உம் −1உம் ஒரே மீதியாக இருக்க ப = 2 ஆக வேண்டும், எங்கட எண்ணோ ஒற்றை எண். ஆகவே அடுக்கு 64தான், வேறு வழியில்லை.

ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2இன் (ப − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1. ஆகவே ப − 1 ஆனது 64இன் மடங்கு. ஃபெர்மாவின் சொந்தத் தேற்றமே அவருடைய நம்பிக்கையை உடைக்கிற கருவியாக வருது.

இனி 64இன் மடங்கோடு 1 கூட்டிப் பாருங்க: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 116 வகுத்தல் ஐந்தாகிவிட்டது. எங்கட எண்ணை இவற்றால் வகுக்க வரும் மீதிகள் ஒழுங்கே 109, 2, 325, 288, 0.

இந்த மீதிகளைக் காண 10 இலக்க எண்ணைத் தொடவே தேவையில்லை. வர்க்கித்து வர்க்கித்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போதும். 641க்குச் செய்து காட்டுகிறேன்:

2⁸ = 256
2¹⁶ = 65536, 641 × 102 = 65382, மீதி 154
2³² → 154² = 23716, 641 × 37 = 23717, மீதி −1

−1உடன் 1ஐக் கூட்டப் பூச்சியம். மூன்று வரி. 154² = 23716 என்பதும் 641 × 37 = 23717 என்பதும் ஒன்றால் மட்டும் வித்தியாசப்படுகிற இடத்தைப் பிள்ளைகள் தாங்களே பெருக்கிக் காண வேண்டும், அந்த இடத்தைத் தாளில் வெறுமையாக விடுங்க. 65536இல் 641 எத்தனை தரம் என்று தேடும்போது 102க்குப் பதில் 103 போட்டால் 66023 வந்து மீதி −487 ஆகும். அதுவும் பிழையல்ல, ஆனால் 487ஐ வர்க்கிப்பது வீண் வேலை. மீதி எப்போதும் பாதிக்குக் குறைவாக இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்க.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. எனக்கு மிகப் பிடித்தது இது. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸ஆல் பெருக்க 641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³². இதில் 5⁴ × 2²⁸ என்பது (5 × 2⁷)⁴, அதாவது 640⁴. ஆகவே

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

640⁴ − 1 = (640 + 1)(640 − 1)(640² + 1) = 641 × 639 × 409601. இரண்டு உறுப்பிலும் 641 இருக்கிறது, வெளியே எடுத்தால்:

2³² + 1 = 641 × (268435456 − 639 × 409601)

639 × 409601 = 261735039. கழிக்க 6700417. நெடுவகுத்தல் இல்லாமலே இரண்டு காரணியும் வந்துவிட்டது. தேவைப்பட்டது வர்க்க வித்தியாசம் மட்டும், அது சாதாரண தரத்திலேயே படிக்கிற பாடம்.

ஒலுவில்_வெளிச்சவீடு

படுவான்கரை சேர் சொன்ன 64ஐ இன்னும் ஒரு படி கூட்டலாம். லூக்கா 1878இல் காட்டியது: 64 இல்லை, 128. எங்கட எண்ணுக்கு அதை நேரடியாகக் காட்டலாம், பெரிய தேற்றம் ஒன்றும் வேண்டாம்.

அ = 2²⁴ − 2⁸ என்று எடுங்க. வர்க்கித்தால்

அ² = 2⁴⁸ − 2 × 2³² + 2¹⁶ = 2¹⁶(2³² + 1) − 2 × 2³²

ப ஆல் வகுக்கும்போது முதல் உறுப்பு மறையும். இரண்டாவதில் 2³²க்குப் பதில் −1 போட +2. ஆகவே அ²இன் மீதி 2. அப்படியென்றால் அ⁶⁴ என்பது 2³², மீதி −1. அ¹²⁸ என்பது 2⁶⁴, மீதி 1. சேர் 64க்குச் சொன்ன அதே வாதத்தை இங்கே அ வுக்குப் போட, ப − 1 ஆனது 128இன் மடங்கு.

இப்போது பட்டியல்: 129, 257, 385, 513, 641. முதன்மை எண்கள் 257உம் 641உம் மட்டும். 257ஐயும் வகுக்கத் தேவையில்லை. 2⁸ = 256, அதன் மீதி −1. ஆகவே 2¹⁶க்கு 1, 2³²க்கும் 1, எங்கட எண்ணுக்கு மீதி 2. அதாவது முதலில் வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 641தான்!

இதே 128 உங்கட நான்காவது கேள்வியையும் முடித்துவிடும். 6700417க்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால் அது 2³² + 1க்கும் காரணிதான். ஆகவே அதுவும் 128இன் மடங்கு + 1 வடிவில்தான் இருக்க முடியும். வர்க்கமூலம் 2588 வரை அப்படி வருவது 20 எண்கள். அவற்றில் 3ஆல், 5ஆல் போவது பார்த்தவுடனேயே தெரியும். மிச்சத்தில் 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197. இந்த ஐந்தையும் முதன்மை என்று நினைத்து வகுத்து நேரம் போக்குவார்கள், தாளில் குறித்துவிடுங்க. கடைசியில் மிஞ்சுகிற முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409. 257 ஏற்கெனவே போய்விட்டது. மற்ற நான்கும்:

641 × 10453 = 6700373, மீதி 44
769 × 8713 = 6700297, மீதி 120
1153 × 5811 = 6700083, மீதி 334
1409 × 4755 = 6699795, மீதி 622

ஒன்றாலும் வகுபடவில்லை. 6700417 முதன்மை எண். 641ஐ இரண்டாம் முறையும் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 641² காரணியாக இருக்கலாம் அல்லவா? ஒருமுறை வகுத்த எண்ணால் திரும்ப வகுத்துப் பார்க்காமல் விடுவது பலர் மறக்கிற படி.

வாவிக்கரை

சேர், ஒலுவில் அண்ணா, இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. நான்கு வகுத்தலில் முடியும் என்று நினைக்கவே இல்லை. பைதன் சோதனைக்கு யாராவது விளக்கம் தருவீங்களா? மன்றத்தில் இன்னும் அதுதான் பெரிய வாக்குவாதம்.

சம்மாந்துறை_நிரல்

பைதன் சரியாகத்தான் கணித்தது. மீதி உண்மையிலேயே 1. பிழை, அதிலிருந்து எடுத்த முடிவில். ந முதன்மை என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் ந முதன்மை என்பது அதன் மறுதலை, அது உண்மையில்லை.

இந்த எண்ணுக்கு 1 வராமல் இருக்கவே முடியாது. 2³² + 1ஆல் வகுக்கும்போது 2³²இன் மீதி −1, 2⁶⁴இன் மீதி 1. ந − 1 என்பது 2³². அது 64இன் மடங்கு. ஆகவே 1ஐ எத்தனையோ தரம் பெருக்கின மாதிரி, விடை 1தான். எல்லா ஃபெர்மா எண்ணுக்கும் இதுவே நடக்கும், முதன்மையோ இல்லையோ. 2ஐ அடியாக வைத்த மில்லர்-ராபின் சோதனையும் (முதன்மையா என்று பார்க்கிற இன்னொரு சோதனை) இதே காரணத்தால் ஏமாறும். ஃபெர்மா எண்ணைச் சோதிக்க 2 உதவாத அடி, அதைத் தொடவே வேண்டாம்.

3ஐ அடியாக எடுங்க. பெப்பான் சோதனை என்று பெயர். 3இன் (ந − 1)/2ஆம் அடுக்கை, அதாவது 3ஐ 31 தரம் வர்க்கித்து, மீதி −1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். −1 வந்தால் முதன்மை, வராவிட்டால் இல்லை. இரண்டு பக்கமும் உறுதி. இங்கே வருகிற மீதி 10324303. −1 என்றால் 4294967296 வந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் வர்க்கித்தால் 3029026160, அது 1 இல்லை. உங்கட நண்பரிடம் பைதனில் 2ஐ 3ஆக மாற்றி ஓடவிடச் சொல்லுங்க, வாக்குவாதம் முடிந்துவிடும்.

பைதன் என்றபடியால் தப்பியது. சி மொழியிலோ ஜாவாவிலோ எழுதியிருந்தால் இந்த எண் வேறு விதமாகப் பழிவாங்கும். 32 பிட் மாறி 2³²ஐக் கடந்ததும் மேல் பிட்டை வெட்டிவிடும், 4294967297ஐப் போட்டால் உள்ளே இருப்பது 1. ஜாவாவில் எண்ணுக்குப் பின்னால் எல் எழுத்துப் போடாமல் எழுதினால் தொகுப்பியே ஏற்காது. சரி என்று 64 பிட் எடுத்தாலும் ஆபத்து போகவில்லை. மீதி 2³² வரை வரலாம், அதை வர்க்கித்தால் சரியாக 2⁶⁴. குறியற்ற 64 பிட்டில் அது 0 ஆகிவிடும். 2ஐ அடியாக வைத்த சோதனையில் ஆறாவது படியிலேயே இதுதான் நடக்கும்: மீதி 2³², வர்க்கம் 0, அதற்குப் பின் எல்லாம் 0. விடை 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்ததைப் பார்த்து, முதன்மை இல்லை என்று சொல்வார்கள். முடிவு சரி, காரணம் முழுக்கப் பிழை. பெருக்கலுக்கு 128 பிட் மாறி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய முழு எண் நூலகம் ஒன்று.

கல்முனை_கணக்கு

காரணி இரண்டும் வந்தபடியால் மற்றப் பண்புகளை ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில் போடலாம். காரணிகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. அவற்றின் கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. இந்த எண்ணைவிடச் சிறியதாக, இதோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240.

பருமன் விளங்க வேண்டும் என்றால் நெல்லில் சொல்லுங்க. 1000 நெல்மணி 25 கிராம் என்று எடுத்தால் இத்தனை மணி 107 தொன்னுக்குச் சற்று மேலே வரும், புசல் கணக்கில் ஏறத்தாழ 5100. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது உடனே பிடிபடும்.

எழுவான்_டீச்சர்

ஒருவரும் தொடாத ஒரு பக்கம் இருக்கு, இதை விடவேண்டாம் தங்கச்சி. இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதலாம்:

65536² + 1² = 4294967297
62264² + 20449² = 4294967297

இரண்டாவதைச் சரிபாருங்க: 3876805696 + 418161601. முதன்மை எண்ணொன்றை இப்படி ஒரு விதத்துக்கு மேல் எழுதவே முடியாது. ஆகவே இந்த இரண்டு வரி மட்டுமே இது முதன்மை இல்லை என்பதற்குப் போதும். இதுவும் ஒயிலர் கையாண்ட முறைதான்.

அதோடு நிற்காது, காரணியையும் இதிலிருந்தே இழுத்து எடுக்கலாம். இரட்டை எண்ணை இரட்டையோடும் ஒற்றையை ஒற்றையோடும் சோடியாக்குங்க.

வித்தியாசங்கள்: 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. இவற்றின் பொதுக் காரணிகளுள் பெரியது (பொ.கா.பெ.) 8.
கூட்டுத்தொகைகள்: 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450. பொ.கா.பெ. 50.

இரண்டையும் பாதியாக்குங்க: 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 16 + 625 = 641.

மற்றக் காரணி வேண்டுமா? 3272 ÷ 8 = 409, 20448 ÷ 8 = 2556. 409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

65536ஐ 20449ஓடு சோடி சேர்த்தால் வித்தியாசம் ஒற்றையாக வந்து பாதியாக்க முடியாமல் நிற்பார்கள். அதைத்தான் முதலிலேயே இரட்டை, ஒற்றை என்று சொன்னேன். 62264ஐத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம், அதற்குக் கணினி வேண்டும் அல்லது காரணி முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். கிடைத்தபின் சரிபார்ப்பது தரம் 9 பிள்ளைக்கும் முடியும். பொ.கா.பெ. கற்பிக்கிற இடத்தில் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தாளின் நடுவில் படம் ஒன்று வேண்டும் அல்லவா? பஸ்காலின் முக்கோணியில் ஒற்றை எண்ணுக்குக் கறுப்பு, இரட்டைக்கு வெள்ளை தீட்டுங்க. எண்களை எழுதவே வேண்டாம். மேலே உள்ள இரண்டு கட்டமும் ஒரே நிறமென்றால் கீழே வெள்ளை, வேறு வேறு நிறமென்றால் கறுப்பு, இரு ஓரமும் எப்போதும் கறுப்பு. ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாக வாசியுங்க, கறுப்பு 1, வெள்ளை 0. உச்சியைப் பூச்சிய வரி என்று எண்ணத் தொடங்கினால் 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். 31ஆவது வரி முழுக்கக் கறுப்பு: 4294967295. அடுத்த 32ஆவது வரியில் இரு ஓரம் மட்டும் கறுப்பு, நடுவில் 31 வெள்ளை. அதுதான் உங்கட 4294967297.

1 முதல் 31 வரையான வரிகள் தருகிற 31 எண்களும், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அமைக்கக்கூடியவை என்று தெரிந்த ஒழுங்கான பல்கோணிகளில் பக்க எண்ணிக்கை ஒற்றையாக உள்ளவை எல்லாமே. கவுஸ் 1796இல் 17 பக்கத்தைக் காட்டினார். வேறு எவையும் முடியாது என்ற பக்கத்தை 1837இல் வன்ட்செல் நிறுவினார். 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537, ஐந்து ஃபெர்மா முதன்மைகளின் பெருக்கம். அதோடு 2ஐக் கூட்டினால் உங்கட எண். 32ஆவது வரியும் முதன்மையாக இருந்திருந்தால் பட்டியல் நீண்டிருக்கும். 641 குறுக்கே வந்ததால் 31ஆவது வரியோடு நின்றுவிட்டது.

ஒரு சென்ரிமீற்றர் கட்டத்தில் போட்டால் அகலம் 33, உயரமும் 33 சென்ரிமீற்றர். ஒரு கட்டம் பிழைத்தாலும் கீழே முக்கோணமாகப் பரவி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆகவே 4, 8, 16ஆவது வரிகளில் இரு ஓரம் மட்டும் கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்தபின்தான் மை போடுங்க, அதுவரை பென்சில்.

வாவிக்கரை

டீச்சர், படம் நடுவில் வருது, முடிவாகிவிட்டது. வலப்பக்கம் சேரின் மூன்று வரி, இடப்பக்கம் இரண்டு வர்க்கம். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இதற்கு அடுத்த எண் 2⁶⁴ + 1க்கும் இதே மாதிரி நான்கைந்து வகுத்தலில் காரணி வருமா?

ஒலுவில்_வெளிச்சவீடு

வராது. முறை அதேதான், 128க்குப் பதில் 256. 2⁶⁴ + 1 = 18446744073709551617 = 274177 × 67280421310721. 274177 = 256 × 1071 + 1, அதாவது பட்டியலில் 1071ஆவது எண். அதற்கு முன்னால் வருகிற சேர்த்தி எண்களை விட்டாலும் நூற்றுக்கு மேற்பட்ட முதன்மை எண்களைச் சோதிக்க வேண்டும். லான்ட்றி 1880இல் இந்தக் காரணிகளை வெளியிட்டார், ஒயிலர் 641ஐக் காட்டி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு. ஆனால் காரணி கையில் இருக்கும்போது சரிபார்ப்பது இலகு. 274177ஆல் மீதி எடுத்துக்கொண்டு 2இலிருந்து ஆறு தரம் வர்க்கித்தால் −1 வர வேண்டும். 8 இலக்கக் கல்குலேட்டரில் கடைசி இரண்டு வர்க்கித்தலும் நிரம்பி வழியும், அந்த இரண்டையும் தாளில் துண்டு வெட்டிச் செய்யுங்க.